கப்பல் சாப்பாடும் கட்டைச் சம்பலும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் பலாபத்வலையைத் தாண்டினால் ஸ்பைஸ் கார்டன்கள் ஒவ்வொன்றாக வரும். மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கொக்கோ, வனிலா, கறுவா உரித்துக் காட்ட ஒரு கொட்டில், எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய கடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் சாப்பாட்டுக் கூடம். அப்படியொரு தோட்டத்துக் கூடத்தில் பல வருடங்கள் சமைத்தேன், பரிமாறினேன்.

வருகிறவர்களில் கப்பல் ஆட்களைத் தனியாகத் தெரியும். சட்டையில் இலக்கம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதே இலக்கத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி முன்னால் நடப்பார். திருகோணமலையில் கப்பல் நிற்கிற ஒரு பகலுக்குள் சீகிரியாவையோ தம்புள்ளைக் குகைக் கோயிலையோ பார்த்து, சாப்பிட்டு, நேரத்துக்குத் துறைமுகம் திரும்பியாக வேண்டும். அத்தனை அவசரத்திலும் மேசையில் உட்கார்ந்ததும் அவர்கள் வாயில் முதலில் வருவது கப்பல் சாப்பாட்டைப் பற்றிய பேச்சுத்தான்.

ஜெர்மன்காரர் பாண் மிருது, கடிக்க ஒன்றுமில்லை என்பார். அதே கப்பலில் வந்த ஆங்கிலேயக் கிழவரும் மனைவியும் சுட்ட இறைச்சியையும் அதன் குழம்பையும் புகழ்ந்து முடிக்க மாட்டார்கள். பர்மிங்ஹாமில் பிறந்து வளர்ந்த பஞ்சாபிப் பெண் ஒருத்தி, பருப்பை வாயில் வைத்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருக்கிறது என்றாள். டொரொன்டோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எதுவும் பேசாமல் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை வெளியே எடுத்தார். உள்ளே வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள். கப்பலில் காலையில் முட்டைப் பொரியல் மேலே அதைத் தூவித்தான் சாப்பிடுகிறாராம். "தூள் இல்லாட்டி எனக்கு இறங்காது பிள்ளை" என்றார். எங்கள் கறியைத் தொட்டு நாக்கில் வைத்ததும் போத்தலை மூடி உள்ளே வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் பெரிதாக வைத்திருக்கிறேன்.

அவர்கள் சொன்னதை வைத்து அந்தக் கப்பலைப் பற்றி நான் அறிந்தது கொஞ்சம். அவரவர் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றி அறிந்ததுதான் ஏராளம். யார் வீட்டில் பாண் கெட்டியாக இருந்தது, யார் அம்மா தாளிக்கும்போது சீரகம் போட்டாள், யாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இறைச்சி, எல்லாம் அந்தக் குறையிலும் புகழ்ச்சியிலும் வந்து விழும்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் பெரிய பயணிகள் கப்பலில் சமையலறை வேலைக்குப் போய் வந்தான். கப்பல் ஏன் அப்படிச் சமைக்கிறது என்பதை அவன்தான் விளக்கினான். நடுக்கடலில் தீயைப் போல் பயங்கரம் வேறில்லை. அதனால் சமையலறையில் எரியும் அடுப்பு கிடையாது, எல்லாம் மின்சாரம். தணலில் ரொட்டியைப் போட்டு ஊத வைக்க முடியாது, கத்தரிக்காய் சுட முடியாது. சமைத்தது ஒரே இடத்திலிருந்து பல கூடங்களுக்குப் போகிறது. சூடாக இருக்க வேண்டியது குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிராக இருக்க வேண்டியது குளிரிலேயே இருக்க வேண்டும். அப்படி வைக்காமல் வெளியே எடுத்து வைத்ததை நாலு மணி நேரம் போனால் கொட்டிவிட வேண்டும். ஒரு கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்துவிடுவார்கள், அதனால் இந்தச் சட்டத்தில் யாரும் விளையாடுவதில்லை. இதில் தேங்காய்ச் சம்பல் எங்கே வரும்? அரைத்த அரை மணிக்குள் சாப்பிட வேண்டியது அது. தேங்காய்ப்பூ நேரம் போகப் போகப் புளிக்கும், வெங்காயம் தண்ணி விடும்.

இன்னொன்றும் சொன்னான். பயணிகளின் சாப்பாட்டை ஒருவர்கூட முகம் சுளிக்காதபடி சமைக்கிறார்கள். உறைப்பைக் குறைத்தால் உறைப்பு வேண்டியவன் முணுமுணுப்பான், அவ்வளவுதான். கூட்டினால் மற்றவன் தட்டையே தள்ளிவிடுவான். ஆகவே எப்போதும் குறைத்தே வைப்பார்கள். கப்பலின் கீழ்த்தட்டில் பணியாளர் சாப்பிடுகிற இடத்தில் கதை வேறு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, நேபாளம் என்று வந்த பையன்களுக்கு மூன்று வேளையும் சோறு இருக்கும், மிளகாயும் இருக்கும். அக்கா, கப்பலில் ருசியான சாப்பாடு கீழேதான் என்றான். அதை நான் முழுமனதாக நம்புகிறேன். எங்கள் ஸ்பைஸ் கார்டனிலும் வந்தவர்களுக்கு வைத்த சாப்பாடு ஒன்று, பின்பக்கம் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டது வேறொன்று.

மாத்தளை என்றால் மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பிரதான ஆராய்ச்சி நிலையமே மாத்தளையில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஊர்க்காரர் நாக்கில் இதெல்லாம் ஊறியிருக்கும் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். நான் பிறந்தது எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். என் அம்மா மிளகு ஆய்ந்திருக்கிறாள், ஏலக்காய்க் காட்டுக்கும் போயிருக்கிறாள். அவள் சமையலில் ஏலக்காய் விழுந்தது தைப்பொங்கலுக்கு. சாதிக்காய் குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால் உரசிக் கொடுக்க. கராம்பு பல்வலிக்கு. மிளகு ரசத்துக்கும் இருமலுக்கும். மிச்சம் எல்லாம் சாக்கில் ஏறி, கடல் தாண்டி, யாரோ ஒருவர் சமையலுக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் சாப்பாடு ரொட்டியும் சம்பலும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டு, உப்புத் தண்ணி விட்டுப் பிசைந்து, கையால் தட்டிக் கல்லில் போட்ட கனத்த ரொட்டி. செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம் மூன்றையும் அம்மியில் நைத்துத் தேசிப்புளி விட்ட கட்டைச் சம்பல். விடியற்காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கி வெறுந்தேத்தண்ணி குடித்தால் மதியம்வரை மலை ஏறலாம். கோதுமை இந்த மலையில் விளைவதில்லை. மா கப்பலில் வந்தது, பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்தது. சோறு தின்று வளர்ந்த ஊர்களிலிருந்து வந்த சனம் ரொட்டி தின்கிற சனமாக ஆனது அந்தக் கூப்பனால்தான். அரிசியைவிட மா மலிவு, வயிற்றிலும் கூட நேரம் நிற்கும்.

1973, 1974 இரண்டு வருடமும் அந்த மாவும் இல்லாமல் போனது. வெளிநாட்டிலிருந்து வருவது சுருங்கியது, கூப்பன் அரிசியையும் மாவையும் குறைத்தார்கள், விலை ஏறியது. தோட்டத்தில் காணி கிடையாது, கையில் நெல் கிடையாது, வாங்கித் தின்பதுதான் ஒரே வழி. மரவள்ளிக்கிழங்கு, ஈரப்பலாக்காய், காட்டுக் கீரை என்று எதை எதையோ அவித்தார்கள். அந்த வருடங்களில் தோட்டப்புறத்தில் சாவு கூடியது அரசாங்கப் பதிவுகளிலேயே இருக்கிறது. நான் சின்னப்பிள்ளை. ரொட்டியைப் பிய்த்துப் பங்கு வைக்கும் அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம், எனக்கு அது ஞாபகமிருக்கிறது. கூடத்தில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு அதே வருடங்கள் பொற்காலம். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாததால் அவர்கள் தோட்டத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. கல்வீடு கட்டியது அந்தக் காசில்தான் என்று சொல்வார். ஒரே நாடு, ஒரே மிளகாய். அவர் வீட்டில் அது வீடு கட்டியது, எங்கள் வீட்டில் சம்பலுக்கு இல்லாமல் போனது. இதைப் பேசும்போது நாங்கள் இருவருமே குரலைத் தாழ்த்திக்கொள்வோம், ஒருவருக்கொருவர் மனம் நோகக் கூடாது என்று.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் சித்தி கப்பல் ஏறினாள். என் அம்மாவின் தங்கை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. யாருக்கு எந்த நாடு என்று ஒரே லயத்தில் வீடு வீடாகப் பிரிந்தது. எங்களுக்கு இலங்கை, சித்திக்கு இந்தியா. அவள் கல்யாணம் முடித்து அதிக காலம் ஆகவில்லை. மாத்தளை ஸ்டேசனில் கோச்சி ஏறினார்கள், தலைமன்னார் போனார்கள், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய கப்பல் பாதையின் கடைசிக் காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. 1984இல் அதுவும் நின்றது.

எங்கள் சனத்துக்குக் கப்பல் என்றால் அந்தக் கப்பல். அதில் சாப்பிடப் போகிறோம் என்று யாரும் ஏறவில்லை. அம்மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். கோச்சியில் கொஞ்சம் சாப்பிட்டார்களாம். கப்பலில் சித்திக்கு ஒரே வாந்தி, வாயில் ஒன்றும் படவில்லை. மண்டபம் முகாமில் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் மிச்ச ரொட்டியைப் பிரித்தார்கள். முகாமில் கொடுத்த சோற்றுக்கு ஊற்றிய சாம்பாரைச் சித்தி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். "பருப்புக்கறியில யாரு இம்புட்டுத் தண்ணிய ஊத்துனாங்கன்னு கேட்டேன்" என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலை. மறுபடியும் அதே கொழுந்து, அதே குளிர், அதே லயம்.

அவள் மகன், என் தம்பி, படித்துச் சென்னைக்குப் போனான். அவன் மனைவி விருதுநகர்ப் பெண். 2023 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது அம்மாவுக்கு இலங்கையைக் காட்ட வேண்டும் என்று அவன் தீர்மானித்துவிட்டான். விமானம் சுலபம், மலிவும்கூட. ஆனால் வாந்தி எடுத்துப் போன கடலில் அம்மா நல்லபடியாக வர வேண்டும் என்பது அவன் ஆசை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது, எனக்கும்தான்.

எல்கடுவைக்கு வந்து போக நேரம் இல்லை. திருகோணமலையிலிருந்து ஹபரணை வழியாகத் தம்புள்ளை ஏறத்தாழ 100 கிலோமீற்றர். அதுவரை வேனில் வந்து திரும்பலாம், மலை ஏற முடியாது. ஆகவே தம்புள்ளையில் சந்திப்பது என்று முடிவானது. பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரம் செய்யும் என் கணவரின் நண்பர் தன் வீட்டு முற்றத்தைத் தந்தார். தம்புள்ளையில் சந்திப்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிறைவும் இருந்தது. கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்தது இந்தத் தம்புள்ளை, நாலந்தா, மாத்தளைப் பாதையில்தான். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை வழியோரத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிற எந்தத் தோட்டத்துக் கிழவியைக் கேட்டாலும் அந்த நடையைச் சொல்லுவாள். அவர்களுக்கு வழியில் யாரும் இலை போடவில்லை.

வேன் வந்தது. கட்டிப்பிடித்து அழுது முடிய நேரமாயிற்று. பிறகு எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம், பேச்சு கப்பலுக்குத் திரும்பியது.

விருதுநகர்க்காரிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "சாம்பார் இனிக்குது அண்ணி. எல்லாத்துலயும் பனீர். பரோட்டான்னு வச்சிருக்காங்க, எங்க ஊர்ல எண்ணெயில பொரிச்சு, சால்னா ஊத்திக் குடுப்பாங்க பாருங்க, அது பரோட்டா." பக்கத்து அறையில் அகமதாபாத்துக் குடும்பம் ஒன்றாம். அவர்கள் அதே பருப்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்களாம். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராத சாப்பாடு தனியாகக் கிடைத்ததில் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம். தம்பிக்கு எல்லாமே பிடித்தது, எல்லாவற்றையும்விட வெண்ணெய் தடவிய பாண் பிடித்தது. தோட்டத்தில் காய்ச்சல் வந்தால்தான் பாண் கிடைக்கும், அந்த ஆசை அவனைவிட்டு இன்னும் போகவில்லை. பேரனுக்குப் பீட்சாவைத் தவிர வேறு ஞாபகமே இல்லை.

சித்தியைக் கேட்டேன். "சாப்பாட்டுக்கு என்னா கொறச்சல் புள்ள? மலையாட்டம் வச்சிருக்காங்க" என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வெள்ளைச் சோறு, தயிர், அவித்த முட்டை. மற்றதெல்லாம்? "நல்லாத்தான் இருந்துச்சு." தம்பி குறுக்கிட்டான். "ருசி பாத்தாத்தானேக்கா? ஒவ்வொரு வேளையும் ரெண்டு பன்னை எடுத்துத் துணியில சுத்தி ரூமுக்குக் கொண்டுவந்துருது. எதுக்கும்மான்னு கேட்டா, இருக்கட்டும்கிது."

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, கோதுமை மா விலை எங்கோ போன மாதங்களில் நானும் அலுமாரியில் பிஸ்கட் பக்கற்றுகளை மறைத்து வைத்தேன். பசியை ஒரு தடவை அறிந்த கை பிறகு எங்கே போனாலும் அந்த வேலையைச் செய்யும். கூடத்தில் வருடக்கணக்காகக் கேட்ட பேச்சுகள் எல்லாம் அப்போது எனக்குள் வேறு விதமாக அடுக்கிக்கொண்டன. ஜெர்மன்காரர் பாணைக் குறை சொன்னார், பஞ்சாபிப் பெண் பருப்பைக் குறை சொன்னாள், விருதுநகர்க்காரி சாம்பாரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். குறை சொல்ல ஒரு தெம்பு வேண்டும். இது பிடிக்காவிட்டால் வேறொன்று கிடைக்கும் என்று சின்ன வயதிலிருந்தே வயிற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கப்படவில்லை. தட்டில் விழுந்ததை நல்லது என்று சொல்லியே பழகினோம். உலகத்துச் சமையலெல்லாம் அடுக்கி வைத்த மேசைக்கு முன்னால் நின்றும் சித்தி அந்தப் பழக்கத்தோடுதான் தயிர்ச் சோறு எடுத்திருக்கிறாள். அதை நினைக்க எனக்குக் கோபம்தான் வந்தது. கப்பல்மேல் இல்லை. அவர்கள் தங்களால் ஆனதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஒரு சனத்தை அரை நூற்றாண்டு கழித்தும் இப்படி வாய் திறக்காமல் சாப்பிட வைத்த அந்தக் காலத்தின்மேல்.

நான் கொண்டுபோன பாத்திரங்களைத் திறந்தேன். ரொட்டி, கட்டைச் சம்பல், பருப்புக்கறி, நெத்தலிக் கருவாடு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி. சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருந்தேன். வேன் சாரதி தம்புள்ளைக்காரர், சிங்களவர், அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

சித்தி ரொட்டியைப் பிய்த்தாள். சம்பலைத் தொட்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னா புள்ள இது? மாசியெல்லாம் போட்டிருக்கே?"

"ருசிக்குத்தான் சித்தி."

"யாரு கேட்டா? கட்டச் சம்பல்னா மொளகா, உப்பு, வெங்காயம். ஒங்கம்மா எந்தக் காலத்துல மாசி போட்டா? கருவாட்டு வாடை அடிக்குது. தேசிக்காயும் ரெண்டு புழிஞ்சிருக்கே, ஒண்ணு போதும். மொளகாய வெந்நீர்ல ஊற வச்சியா? வைக்காத. பச்சைத் தண்ணி தெளிச்சு நைக்கணும்." ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "மாவ ரொம்பப் பெசஞ்சிட்ட. தோலு மாதிரி இழுக்குது. தேங்கா முத்தல்."

சாரதி சிங்களத்தில் என்னிடம், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். உம்பலகட, அதாவது மாசி, இல்லாமல் லுணுமிரிஸா (கட்டைச் சம்பலுக்கு அவர்கள் சொல்லும் பேர் அது), இதில் போட்டதே காணாது, இன்னும் ஒரு பிடி வேண்டும் என்றார். அதைச் சித்திக்குத் தமிழில் சொன்னேன். மறந்துபோயிருக்கும் என்று நான் நினைத்திருந்த சிங்களத்தில், தட்டுத் தடுமாறி, அவள் நேராகவே அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மாசி வாங்கக் காசுள்ள வீட்டுச் சம்பல் அது, எங்கள் சம்பல் இது, இரண்டையும் ஒன்றாக்காதே என்று. அவர் விடவில்லை. இவளும் விடவில்லை. விருதுநகர்க்காரி இடையில் புகுந்து, கொஞ்சம் புளி வைத்து அரைத்துப் பாருங்கள் அத்தை, அப்போது தெரியும் என்றாள். "புளியா!" என்று சித்தி போட்ட சத்தத்தில் பேரன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டான்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் அம்மா ஒரு சாப்பாட்டைக் குறை சொல்லி அவன் கேட்டதே இல்லையாம்.

சித்தி அதற்குள் இரண்டாவது ரொட்டியை எடுத்திருந்தாள். பலாக்காய்க் கறிக்கு வந்தாள். உப்பு மட்டம் என்றாள். காயை இன்னும் சின்னதாக வெட்டியிருக்க வேண்டும், கறுவாப்பட்டை எதற்கு, இது என்ன கல்யாண வீடா என்றாள். நான் அகப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன்.